தூரச் சாதனையை வைத்து ஸ்நைப்பர் துப்பாக்கியை மதிப்பிடலாமா?

கார்வண்ணன்

இங்கே ஸ்நைப்பர் துப்பாக்கி என்று யார் பேச்சை எடுத்தாலும் நாலாவது பதிவுக்குள் தூரச் சாதனைப் பட்டியல் வந்து விழுந்துவிடுகிறது. அதை நானே முதலில் போட்டுவிடுகிறேன். பிறகு வேறு விஷயம் பேசலாம்.

1967-ல் வியட்நாமில் அமெரிக்க மரைன் கார்லோஸ் ஹேத்காக், 2,286 மீட்டர். அன்று அவர் கையில் இருந்தது ஸ்நைப்பர் துப்பாக்கியே கிடையாது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய எம்2 பிரௌனிங் கனரக இயந்திரத் துப்பாக்கி. 35 ஆண்டுகள் யாரும் அதைத் தாண்டவில்லை. 2002 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் ஷாஹி கோட் பள்ளத்தாக்கில் கனடா ராணுவத்தின் ஆரன் பெர்ரி 2,310 மீட்டர், அதே மாதம் ராப் ஃபர்லாங் 2,430 மீட்டர். இருவரிடமும் மெக்மில்லன் டாக்-50 துப்பாக்கி. 2009 நவம்பரில் ஹெல்மண்ட் மாகாணம் மூசா கலாவில் பிரிட்டனின் கிரெய்க் ஹாரிசன், எல்115ஏ3, 2,475 மீட்டர். 2017-ல் ஈராக்கில் மறுபடி ஒரு கனடாக்காரர், மறுபடி டாக்-50, 3,540 மீட்டர். 2023 நவம்பரில் 3,800 மீட்டர் என்று உக்ரைன் தரப்பு சொன்னது.

சரி, இந்தப் பட்டியலிலிருந்து துப்பாக்கியைப் பற்றி என்ன தெரிகிறது? மிகக் கொஞ்சம்தான். ஷாஹி கோட் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கால் பங்கு குறைவு, தோட்டாவுக்கு வரும் தடையும் அந்த அளவுக்குக் குறைவு. ஃபர்லாங்கின் முதல் தோட்டா தவறியது, இரண்டாவது எதிரியின் முதுகுப்பையில் பட்டது, மூன்றாவதுதான் ஆளைத் தொட்டது. ஹாரிசன் தூரம் பிடிக்கவே ஒன்பது தோட்டாக்கள் வரை சுட வேண்டியிருந்தது. இரண்டு பேருமே அபாரமான திறமைசாலிகள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு ஸ்நைப்பர் துப்பாக்கியை நான் மதிப்பிடுவது வேறு கேள்வியை வைத்து: அது வருவதற்கு முன் எந்தத் தொல்லை இருந்தது, வந்த பிறகு அது தீர்ந்ததா?

அந்தக் கணக்கில் என் முதலிடம் பிரிட்டனின் எல்96ஏ1-க்கும் அதன் வாரிசான ஆர்க்டிக் வார்ஃபேருக்கும். உங்கள் தேர்வைக் காரணத்தோடு எழுதுங்கள்.

---

வெண்பனி

கேள்வி நல்ல கேள்வி. என் தேர்வு மோசின் நாகான், அதிலும் ஃபின்லாந்துக்காரர்கள் திருத்திய எம்/28-30.

1891-ல் ரஷ்யாவில் பிறந்த துப்பாக்கி. ஃபின்லாந்து சுதந்திரம் பெற்றபோது ரஷ்யப் படைகள் விட்டுப்போனவை அங்கே குவிந்து கிடந்தன. எந்திரப் பகுதி உறுதியானது, ஆனால் குழலும் குறிமுட்களும் சுமார். ஃபின்லாந்தின் ஊர்க்காவல் படை 1921-ல் சொந்தமாக ஒரு ஆயுதப் பட்டறை தொடங்கியது. அதுதான் சாக்கோ. ரஷ்ய உடலை வைத்துக்கொண்டு, கனமான புதுக் குழல், திருத்திய ட்ரிகர், நல்ல குறிமுள் என்று மாற்றி மாற்றிக் கடைசியில் எம்/28-30 வந்தது.

ஃபின்லாந்து ஸ்நைப்பர் சிமோ ஹைஹா பயன்படுத்தியது அதைத்தான். சோவியத் யூனியனுக்கு எதிரான 1939-40 குளிர்காலப் போரில் கொல்லா முனையில் அவர் பெயரில் 500-க்கு மேற்பட்ட எதிரிகளைக் கொன்றதாக எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் நூறு நாள் போரில். ஸ்கோப் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்கோப் என்றால் தலையை இன்னும் சற்று உயர்த்த வேண்டும். கடுங்குளிரில் கண்ணாடியில் பனி படியும், வெயிலில் மின்னும். மூச்சு ஆவியாகத் தெரியக் கூடாது என்று வாயில் பனியை வைத்துக்கொள்வார். குழல் முனைக்கு முன்னால் பனியை அழுத்தி இறுக்கிவைப்பார், சுடும்போது தூள் கிளம்பாமல் இருக்க. 1940 மார்ச் 6-ல் தாடையில் வெடிதோட்டா பாய்ந்தது. நினைவு திரும்பியது மார்ச் 13, சமாதானம் அறிவிக்கப்பட்ட நாள். 2002 வரை வாழ்ந்தார்.

அப்புறம் சோவியத் தரப்பிலும் இதே மோசின்தான். ஸ்டாலின்கிராடில் வாசிலி சைட்சேவ், ஒடெசாவிலும் செவஸ்தபோலிலும் 309 பேர் கணக்கு வைத்த லுட்மிலா பாவ்லிசென்கோ. ஒரே துப்பாக்கி, எதிரெதிர் படைகள், இரண்டு பக்கமும் அதை வைத்தே உச்சம் தொட்டிருக்கிறார்கள்.

---

நெடுவழி

> ஸ்கோப் வைத்துக்கொள்ளவில்லை

அப்படியானால் அது ஹைஹாவின் பெருமைதானே, துப்பாக்கிக்கு எங்கே வந்தது? பண்ணையில் வளர்ந்த வேட்டைக்காரர், போருக்கு முன்பே சுடும் போட்டிகளில் பரிசு வாங்கியவர். அவர் கையில் அந்தக் காலத்து எந்த நல்ல துப்பாக்கியைக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான். கார்வண்ணன் கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாது.

---

வெண்பனி

ஆகும் நெடுவழி. மைனஸ் 30, 40 டிகிரியில் நாள் முழுக்கப் பனியில் கிடந்துவிட்டு எடுத்தவுடன் சுட வேண்டும். எண்ணெய் உறைந்து போல்ட் (கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் உலோகத் தண்டு) நகராமல் நின்றுவிட்டால் திறமையை வைத்து என்ன செய்வது? மோசினின் போல்ட்டில் இடைவெளிகள் தாராளம், பாகங்கள் கொஞ்சம், கையில் கருவி இல்லாமல் கழற்றலாம். முன்பு இருந்த தொல்லை மோசமான குழலும் குறிமுள்ளும். தீர்த்தது சாக்கோ பட்டறை. கேள்விக்கு நேரான பதில்தான்.

---

ஓய்வுபெற்ற சுபேதார்

பிள்ளைகளா, எல்லோரும் போல்ட் துப்பாக்கியையே பேசுகிறீர்கள். நான் டிராகுனோவுக்காக வந்திருக்கிறேன். காலாட்படையில் இருந்தவரை அதைத்தான் சுமந்தேன், அதைத்தான் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

எவ்கெனி டிராகுனோவ் வடிவமைத்தது, சோவியத் ராணுவம் 1963-ல் ஏற்றது, இஷெவ்ஸ்கில் தயாரானது. மோசினின் அதே 7.62×54 மி.மீ. தோட்டா, ஆனால் தானாக ஏற்றிக்கொள்ளும், மேகசினில் பத்து. ஸ்கோப்போடு சேர்த்து நாலேகால் கிலோவைச் சற்றுத் தாண்டும். இங்கே பலர் அதை மேற்கத்தியத் துப்பாக்கிகளோடு வைத்து "கூர்மை போதாது" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதை உருவாக்கியவர்கள் நினைத்த வேலையே வேறு. இரண்டு பேர் தனியாகப் போய் நாள்கணக்கில் ஒளிந்திருந்து ஒரே ஒரு குண்டு சுடுவதற்காக அதைச் செய்யவில்லை. பிளாட்டூன் என்கிற சிறு படைப்பிரிவோடு சேர்ந்து ஓடுகிற ஒருவன், மற்றவர்களின் துப்பாக்கி எட்டாத 600, 700 மீட்டரில் நிற்கிற இயந்திரத் துப்பாக்கிக்காரனையும் ராக்கெட் வைத்திருப்பவனையும் உடனே நிறுத்த வேண்டும். முதல் குண்டு தவறினால் கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே இரண்டாவது போக வேண்டும். அதற்காகப் பிறந்தது.

அதில் வருகிற பிஎஸ்ஓ-1 ஸ்கோப்பைப் பற்றி யாரும் எழுதவே இல்லை. நாலு மடங்கு பெரிதாக்கும், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடியின் கீழ் இடது மூலையில் ஒரு வளைகோடு இருக்கும். 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதனின் காலை அடிக்கோட்டில் வைத்து, தலை வளைகோட்டை எங்கே தொடுகிறதோ அந்த எண்ணைப் படித்தால் தூரம் தெரிந்துவிடும். 200 முதல் 1,000 மீட்டர் வரை. லேசர் கருவி இல்லாத நாளில், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத சிப்பாய்க்கும் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்தி நேரத்துக்கு உள்ளே சிறு விளக்கும் உண்டு. பேட்டரி தீர்ந்தாலும் கண்ணாடி உடைந்தாலும் ஸ்கோப்புக்குக் கீழே சாதாரணக் குறிமுள் இருக்கிறது.

மலையில் இன்னொன்று. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் தோட்டா நினைத்த இடத்துக்கு மேலே போகும், ஏனென்றால் தோட்டா விழும் அளவைத் தீர்மானிப்பது தரைமட்டத் தூரம்தான், சரிவான தூரம் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் அது. அதற்குமேல் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், ஆனால் குளிரில் வெடிமருந்தின் வேகம் குறையும். ஒன்று மேலே தள்ளும், இன்னொன்று கீழே இழுக்கும். அந்த இடத்திலேயே சுட்டுப் பார்த்து எழுதிவைத்த அட்டை ஒன்றுதான் துணை.

---

தேன்மொழி

சுபேதார் ஐயா, உங்கள் பதிவைச் சேமித்துவைத்துக்கொண்டேன். நான் இயந்திரப் பொறியியல் மாணவி. இரண்டு சந்தேகம்.

கூர்மை என்று சொல்லும்போது எல்லோரும் எம்ஓஏ, எம்ஓஏ என்கிறீர்கள். அதை எப்படிக் கணக்கிடுவது? அப்புறம், .338 லாபுவா மேக்னம் (.338 அங்குலத் தோட்டா) வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று படிக்கிறேன். தோட்டா கொஞ்சம் பெரிது என்பதற்குமேல் அதில் என்ன இருக்கிறது?

---

கார்வண்ணன்

தேன்மொழி, எம்ஓஏ ஒரு கோண அளவு. ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர், 1,000 மீட்டரில் 29 சென்டிமீட்டர். ஒரு எம்ஓஏ துப்பாக்கி என்றால், அசையாமல் பிடித்து ஒரே இடத்தில் குறிவைத்து ஐந்து தடவை சுட்டால் எல்லா ஓட்டைகளும் 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். இரண்டு எம்ஓஏ என்றால் 800 மீட்டரில் வட்டம் 46 சென்டிமீட்டருக்கு மேல் விரியும், கிட்டத்தட்ட ஒரு மனித மார்பின் அகலம். டிராகுனோவின் எல்லை 800 என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கோணக் கணக்கு மட்டும் போதாது. ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர். அதைவிட வேகமாகப் போகும்வரை தோட்டா நன்றாகப் போகும். வேகம் குறைந்து ஒலி வேகத்தை ஒட்டி வரும்போது தோட்டாவின்மேல் காற்றழுத்தம் விழும் இடம் மாறுகிறது, சுழற்சி தளரும் பம்பரம்போலத் தலையாட்டத் தொடங்கலாம். அந்த இடத்துக்கு அப்பால் எவ்வளவு கூர்மையான துப்பாக்கியையும் முழுதாக நம்ப முடியாது. நேட்டோவின் 7.62×51 தோட்டா, 175 கிரெய்ன் எடை, சுமார் 790 மீட்டர் வேகத்தில் கிளம்பி 900 மீட்டரை ஒட்டி அந்தக் கட்டத்துக்கு வந்துவிடும். .338 லாபுவா 250 கிரெய்ன், அதாவது 16 கிராம், விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும். நீளமான, ஒல்லியான வடிவம் என்பதால் வேகத்தை எளிதில் இழக்காது. 1,300 மீட்டர் தாண்டியும் ஒலியைவிட வேகமாகவே இருக்கும்.

இதன் வேலை 1983-ல் அமெரிக்காவில் ஆரம்பமானது. அங்கே செய்த பித்தளைக் கூடு அழுத்தத்தைத் தாங்கவில்லை. கூட்டின் அடிப்பகுதியைக் கெட்டியாக்கி அதைச் சரிசெய்து 1989-ல் தரநிலைக்குக் கொண்டுவந்தது ஃபின்லாந்தின் லாபுவா. அதற்கு முன் 1,000 மீட்டர் தாண்ட வேண்டும் என்றால் .50 துப்பாக்கியைத் தூக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு கிலோ. .338 வந்ததும் ஆறேழு கிலோவில், ஒரே ஆள் தோளில் மாட்டிக்கொண்டு போகிற வேலையாகிவிட்டது. பெரிய மாற்றம் அங்கேதான்.

---

பழம்பொருள்

> என் முதலிடம் பிரிட்டனின் எல்96ஏ1-க்கு

அதற்கு முன்னோடியான லீ என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 (டி) பற்றிச் சொல்லாமல் எல்96-க்குப் போகக் கூடாது. எனக்கு இந்தத் துப்பாக்கிமேல் தனிப் பிரியம்.

இரண்டாம் உலகப் போரில் ஆலையில் சோதித்துப் பார்க்கும்போது மற்றவற்றைவிட நன்றாகச் சுட்டவற்றைப் பொறுக்கி எடுத்து, லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் வேட்டைத் துப்பாக்கிப் பட்டறைக்கு அனுப்புவார்கள். 1942 முதல் போர் முடியும்வரை இருபதாயிரத்துக்கு மேல் அங்கே மாற்றியமைத்தார்கள். எந்திரத்தைக் கட்டையில் (துப்பாக்கியின் மர உடலில்) பொருத்துவது, ஸ்கோப் தாங்கியைக் கையால் ராவி ஒட்டவைப்பது, கன்னம் வைக்க மரத்துண்டு திருகுவது, எல்லாம் ஒவ்வொன்றாக. ஸ்கோப் மூன்று மடங்குதான், முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது. எந்தத் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப் என்று அதன் எண்ணைக் கட்டையின் கழுத்திலேயே பொறித்துவிடுவார்கள், இடம் மாறாமல் இருக்க.

1970-ல் அவற்றில் சிலவற்றுக்கே 7.62 நேட்டோ கனமான குழல் மாட்டி எல்42ஏ1 ஆக்கினார்கள். 1982 ஃபாக்லாந்து போருக்கு அதுதான் போனது. நாற்பதாண்டு பழைய உடல், புதுக் குழல். இவ்வளவு நீண்ட ஆயுள் சும்மா வராது.

---

கார்வண்ணன்

பழம்பொருள் சொன்னதிலேயே என் வாதத்துக்கான காரணமும் இருக்கிறது: "கையால் ராவி ஒட்டவைப்பது." மரக்கட்டை உள்ள எந்தத் துப்பாக்கியிலும் கூர்மையின் பாதி, இரும்பு மரத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. கைதேர்ந்த தச்சர் செதுக்கிக் கொடுத்தது மழையில் நனைந்தால் போச்சு. அமெரிக்க மரைன்கள் 1966-ல் ரெமிங்டன் 700-ஐ எம்40 என்று வியட்நாமுக்குக் கொண்டுபோனார்கள். அருமையான எந்திரம். ஆனால் அங்குள்ள ஈரத்தில் மரம் ஊறி உப்பிக் குழலைத் தொட ஆரம்பித்தது. எதையும் தொடாமல் தனியாக நிற்க வேண்டிய குழலை ஒரு பக்கத்தில் மரம் அழுத்தினால் தோட்டா எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? 1970-களில் எம்40ஏ1 வந்தபோது கண்ணாடியிழைக் கட்டைக்கு மாறினார்கள். தொல்லையில் பெரும்பகுதி அதோடு போனது.

மீதியையும் ஒழித்தது அக்யூரசி இன்டர்நேஷனல். 1978-ல் மால்கம் கூப்பர், டேவ் வால்ஸ், டேவ் கெய்க் தொடங்கியது. கூப்பர் 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் தங்கம் வென்றவர். ராணுவத்துக்கு ஆயுதம் விற்றுப் பழகிய பெரிய ஆலை எதுவும் அவர்களுக்குப் பின்னால் இல்லை. துப்பாக்கியின் முழு நீளத்துக்கும் ஒரு அலுமினியச் சட்டம், அதன்மேல் எந்திரத்தைத் திருகிப் பசையால் ஒட்டிவிட்டார்கள். வெளியே நாம் பார்க்கிற பச்சைப் பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் மாட்டிய மூடி, அவ்வளவுதான். அது உடைந்தாலும் குறி மாறாது. நனைந்தாலும் மாறாது. 1980-களின் நடுவில் பிரிட்டிஷ் ராணுவம் அதை எல்96ஏ1 என்று ஏற்றது. பிறகு ஸ்வீடன் ராணுவம் கேட்டதற்காக மைனஸ் 40 டிகிரியிலும் போல்ட் உறையாதபடி திருத்தியதுதான் ஆர்க்டிக் வார்ஃபேர். ஹாரிசன் சுட்ட எல்115ஏ3, அதே சட்டத்தில் .338 தோட்டா.

இன்று எந்த நாட்டு ஸ்நைப்பர் துப்பாக்கியை எடுத்தாலும் பெரும்பாலும் அலுமினியச் சட்டம்தான். அந்த வழக்கத்தைப் படைகளுக்குள் கொண்டுவந்தது எல்96.

---

நெடுவழி

.50 வகைக்கு யாரும் வாக்களிக்கவில்லையே. ரோனி பாரெட் டென்னசியில் புகைப்படக்காரராக இருந்தவர். ஆயுதத் தொழிலில் படிப்பும் கிடையாது அனுபவமும் கிடையாது. தோளில் வைத்துச் சுடக்கூடிய, தானாக ஏற்றிக்கொள்ளும் .50 துப்பாக்கியைச் சொந்தமாக வரைந்து 1982-ல் செய்து முடித்தார். எம்82. முதலில் மொத்தமாக வாங்கியது ஸ்வீடன், 1989-ல். 1991 வளைகுடாப் போருக்கு அமெரிக்க மரைன்கள் எடுத்துப் போனார்கள். சுடும்போது குழலே பின்னால் நகர்ந்து அதிர்ச்சியில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும், முனையில் உள்ள தடுப்பான் மீதியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நகர்கிற குழல் என்பதால் டாக்-50 மாதிரியான போல்ட் துப்பாக்கியின் கூர்மை வராது, ஆனால் ரேடார், நின்றிருக்கும் விமானம், எரிபொருள் லாரி இவற்றுக்கு அந்தக் கூர்மை தேவையும் இல்லை.

---

காவிரிக்கரை

நெடுவழி இந்த வகையை எடுத்ததால் எங்கள் ஊர் சரக்கையும் சொல்லிவிடுகிறேன். வித்வன்சக். திருச்சி நவல்பட்டுப் பக்கம் இருக்கும் படைக்கலத் தொழிற்சாலையில் செய்வது.

தென்னாப்பிரிக்காவின் என்டிடபிள்யூ-20 துப்பாக்கியை இந்தியா வாங்கிக்கொண்டிருந்தது. 2005-ல் அதைச் செய்த டெனல் நிறுவனத்தோடு இருந்த வணிகம் நின்றுபோனதும் அதே வகையை இங்கேயே செய்யும் வேலை திருச்சிக்கு வந்தது. 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என்று மூன்று அளவு. குழல், போல்ட், மேகசின், ஸ்கோப் நான்கையும் மாற்றினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம், களத்திலேயே. இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் சுமக்க வேண்டும், மொத்தம் 25 கிலோவை ஒட்டி வரும். 1,800 மீட்டர் வரை பயன்படும், 20 மி.மீ. மட்டும் 1,300. எல்லைப் பாதுகாப்புப் படை பயன்படுத்துகிறது.

இதை ஸ்நைப்பர் பட்டியலில் சேர்ப்பதா என்று கேட்டால், பதுங்குகுழிச் சுவரையும் வாகனத்தையும் உடைக்கிற ஆயுதம் என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் திருச்சிக்காரர்களில் பலருக்கே இது தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

---

மழைக்காலம்

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் கவனமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் துப்பாக்கி முனைக்கு அந்தப் பக்கம் யார் என்று இதுவரை ஒரு பதிவும் கேட்கவில்லை.

யூகோஸ்லாவியாவின் சஸ்தவா எம்76-ம் பேர்பெற்ற துப்பாக்கிதான். பார்க்க டிராகுனோவ் மாதிரி இருக்கும், உள்ளே கலாஷ்னிகோவ் எந்திரம், தோட்டா ஜெர்மனியின் பழைய 7.92×57. நல்ல துப்பாக்கி என்று ஆயுதம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை நடந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகையில் அந்தத் துப்பாக்கி இருந்தது. நகரத்தின் பிரதான சாலையைக் குன்றுகளிலிருந்தும் உயர்ந்த கட்டடங்களிலிருந்தும் ஸ்நைப்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கவனம், ஸ்நைப்பர்" என்று கையால் எழுதிய பலகைகள் தெருமுனைகளில். தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் ஐ.நா. கவச வண்டியின் மறைவில் நடந்தார்கள். கண்டெய்னர்களையும் பேருந்துகளையும் குறுக்கே நிறுத்தி மறைப்பு கட்டினார்கள். சுடப்பட்டவர்களில் குழந்தைகள் உண்டு, கிழவிகள் உண்டு.

சரயேவோவைச் சுற்றி நின்ற செர்பியப் படையின் தளபதி ஸ்டானிஸ்லாவ் காலிச்சுக்கு, குண்டுவீச்சாலும் ஸ்நைப்பர் சூட்டாலும் பொதுமக்களைத் திகிலில் வைத்ததற்காக ஹேக் நகரிலுள்ள சர்வதேசப் போர்க்குற்றத் தீர்ப்பாயம் 2003-ல் 20 ஆண்டு தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் 2006-ல் அது ஆயுள் தண்டனையானது. ஸ்கோப்பில் பார்ப்பவனுக்கு எதிரே இருப்பது சிப்பாயா, பால் வாங்கப் போகிற பெண்ணா என்பது மற்ற எந்த ஆயுதக்காரனையும்விடத் தெளிவாகத் தெரியும். அதனால்தான் அந்தத் தீர்ப்பு எனக்கு முக்கியமானது.

---

கார்வண்ணன்

மழைக்காலம், இது இந்த இழையில் இருக்க வேண்டிய பதிவு. ஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும் என்ற உங்கள் வாதத்தை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

அதே தெளிவை நம்பி உருவான துப்பாக்கிகளும் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பணயக்கைதிகளை மீட்க விமானதளத்தில் காத்திருந்த காவலர்கள் ஐந்து பேர். கடத்தல்காரர்கள் எட்டுப் பேர். காவலர் கையில் ஸ்கோப் இல்லாத ஜி3 துப்பாக்கி, ஒருவரோடொருவர் பேச வானொலி கூட இல்லை, முறையான ஸ்நைப்பர் பயிற்சியும் இல்லை. மொத்தம் பதினொரு இஸ்ரேலியர்களும் ஒரு ஜெர்மன் காவலரும் இறந்தார்கள். ஹெக்லர் அண்ட் கோக்கின் பிஎஸ்ஜி-1 அதற்குப் பிறகு பிறந்தது. எட்டுக் கிலோ, மகா விலை, போர்க்களத்தில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஆனால் ஒரே நேரத்தில் பல கடத்தல்காரர்கள் நிற்கும்போது அடுத்தடுத்து, அச்சுப் பிசகாமல் சுட வேண்டும் என்ற ஒரே வேலைக்காகச் செய்தது. நம் தேசியப் பாதுகாப்புப் படையிடமும் இருக்கிறது.

இன்னொன்று பிரான்சின் எஃப்ஆர் எஃப்1. 1976 பிப்ரவரியில் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஜிபூத்தியின் லொயாடாவில் பள்ளிப் பேருந்து ஒன்றைக் கடத்தினார்கள், உள்ளே முப்பது குழந்தைகள் போல. பிரான்சின் ஜிஐஜிஎன் சிறப்புப் படை வீரர்கள் மணிக்கணக்கில் வெயிலில் படுத்திருந்து, குழந்தைகளின் தலைகள் ஜன்னலிலிருந்து விலகிய கணத்தில் எல்லோரும் ஒன்றாகச் சுட்டார்கள். இரண்டு சிறுமிகளைக் காப்பாற்ற முடியவில்லை, மற்றவர்கள் பிழைத்தார்கள். பின்னால் வந்த எஃப்2-வில் குழலைச் சுற்றி ஒரு உறை இருக்கும். சூடான குழலிலிருந்து எழும் கானல் ஸ்கோப்பை மறைக்காமல் இருக்க.

---

தேன்மொழி

சுபேதார் ஐயா, இந்திய ராணுவம் இப்போது டிராகுனோவை விட்டு .338-க்குப் போகிறதே, அதில் உங்களுக்கு வருத்தமா?

---

ஓய்வுபெற்ற சுபேதார்

இல்லையம்மா. 2019-ல் வடக்குக் கட்டளைப் பகுதிக்கு பெரெட்டா ஸ்கார்ப்பியோவும் பாரெட் எம்95-ம் கொஞ்சம் வாங்கினார்கள். அப்புறம் சாக்கோ டிஆர்ஜி-42 வந்தது. வெண்பனி சொன்ன அதே ஃபின்லாந்துப் பட்டறைதான். கட்டுப்பாட்டுக் கோட்டில் இரண்டு முகடுகளுக்கு இடையே பள்ளத்தாக்கு, எதிர்முகட்டுக் காவல்சாவடி 1,000 மீட்டருக்கு அப்பால் இருக்கும் இடங்கள் ஏராளம். அங்கே டிராகுனோவை வைத்துக்கொண்டு நிற்பது நியாயம் இல்லை. எதிரியிடம் .338 இருந்தால் நம் பையன் தலையைத் தூக்கவே முடியாது. ஆனால் பிளாட்டூனோடு ஓடுகிற வேலைக்கு டிஆர்ஜி-யைக் கொடுத்தால் அதுவும் நியாயம் இல்லை. நீளம், எடை, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் இழுக்க வேண்டும். இரண்டு வேலைக்கும் இரண்டு துப்பாக்கி வேண்டும், அதுதான் என் கட்சி.

கார்வண்ணன் தம்பி, உங்கள் அலுமினியச் சட்டத்துக்கு நான் எதிரி இல்லை. டிஆர்ஜி-யிலும் உள்ளே அலுமினியச் சட்டம்தான். ஆனால் முதலிடம் டிராகுனோவுக்கே.

---

தேன்மொழி

ஒரே ஒரு கேள்வி மிச்சம் ஐயா. குளிர்ந்த குழலின் முதல் தோட்டா வேறு இடத்தில் படும் என்கிறார்களே, உண்மையா?

---

ஓய்வுபெற்ற சுபேதார்

பல துப்பாக்கிகளில் உண்மை. சுத்தம் செய்து எண்ணெய் தடவிய குழலில் முதல் தோட்டா ஒரு இடத்தில், இரண்டு மூன்று சுட்டு அழுக்கும் சூடும் ஏறிய பிறகு வேறு இடத்தில். வித்தியாசம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வேறு. அதனால் பயிற்சியில் காலையில் போனதும் ஒரே ஒரு குண்டு சுடவைப்போம், அதை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதவைப்போம்: தேதி, வெப்பம், காற்று, தோட்டாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், குழலில் அதுவரை போன குண்டுகளின் கணக்கு, குறியிலிருந்து எவ்வளவு விலகியது. பிறகு துப்பாக்கியை வைத்துவிட வேண்டும். மறுநாள் மறுபடி ஒன்று.